‘எப்ப’ன்னு மட்டும் கேட்டுராதிய

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பசுமை எரிசக்தியோட இயற்பியல்னு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூட்டமாம்லா? நல்ல காரியம். போயிட்டு வாங்க பிள்ளைகளா. வாசல்ல சந்தனமும் கல்கண்டும் வச்சிருப்பாவ, எடுத்துக்கிடுங்க. ஒரு பை குடுப்பாவ. அதுக்குள்ள ஒரு நோட்டும் எழுதாத பேனாவும் இருக்கும். கடைசியில சான்றிதழ். நம்ம மேலகரத்துல பொறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினதுக்கு மதுரை நாயக்க ராசா நிலமே எழுதி வச்சாராம். குறவஞ்சி மேடுன்னு அதுக்குப் பேரு. ஒங்களுக்கு லேமினேசன் பண்ணுன அட்டை. இந்தப் பக்கத்துல இப்ப சென்ட் என்ன விலைக்குப் போவுதுன்னு தெரிஞ்சா நீங்களே கோவிக்க மாட்டிய.

கூட்டத்துல நல்ல பிள்ளைன்னு பேரெடுக்க இந்தக் கிழவன்கிட்ட ரெண்டு யோசனை இருக்கு. பைய ஒக்காந்து கேளுங்க.

மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் சன்னலைத் தொறந்துராதிய. வெளிய ஆனிச் சாரல் அடிக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியா மலையாளத்துக் காத்து வந்து மூஞ்சில தண்ணி தெளிக்கும். அது கெடக்கட்டும். பூமி சூடாகுதுன்னு பேசணும்னா மண்டபம் குளுகுளுன்னு இருந்தாத்தான் பேச்சு வரும். நாலு ஏசி, ஒவ்வொண்ணும் ஒன்றரை டன்னு. முழு ஓட்டத்துல ஓடினா ஆளுக்கு ஒன்றரை கிலோவாட் கணக்குல குடிக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம்னு ரெண்டு நாளைக்கு 96 யூனிட்டு. நம்ம பக்கத்து மொட்டை மாடியில ஒரு கிலோவாட் பேனல் போட்டா, நல்ல வெயில் நாள்ல 4 யூனிட்டு தரும். ஆக, அந்தப் பேனல் 24 நாள் வெயில்ல காஞ்சு சம்பாதிச்சத நீங்க ரெண்டு நாள்ல போர்வை தேடுத அளவுக்குச் செலவழிப்பிய. இந்தக் கணக்க மைக்கப் பிடிச்சு மட்டும் சொல்லீராதிய, ஏற்பாடு பண்ணுனவுக மனசு நோகும்.

ஏட்டி, நீ இயற்பியல்லா படிக்க? யூனிட்டுன்னா என்னன்னு கேட்டா ஆயிரம் வாட், ஒரு மணி நேரம்னு டக்குனு சொல்லீருவ. அது பரீட்சைக்கு. நான் சொல்லுதத வயித்துக்கு வச்சுக்கோ. ஒரு நல்ல வேலைக்காரன் காலையில மம்மட்டியத் தொட்டு சாயங்காலம் கீழ வச்சா, அவன் ஒடம்புலேருந்து வேலையா வெளிய வந்தது ஏறத்தாழ அரை யூனிட்டு. அதுக்கு அவன் தின்ன சோறு 2500 கிலோ கலோரின்னு வையி, அது மூணு யூனிட்டுக்குச் சமம். மிச்சமெல்லாம் ஒடம்புச் சூடு, வேர்வை, வாய்ப்பேச்சு. இப்ப வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு அரசாங்கம் சும்மா குடுக்குல்லா, அது 200 ஆளு ஒரு நாள் முழுக்கக் கொத்துன வேலை. 200 பேரு ஒன் வாசல்ல வந்து கும்பிடு போட்டு வேலை செஞ்சுட்டுப் போறான், நீ தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போட்டுட்டு நிப்பாட்ட மறந்துட்டுப் போன் பாக்க. கமலை எறச்ச காலத்துல ஒரு சோடி மாடு சேந்து இழுத்தா ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். இன்னைக்குத் தோட்டத்துல ஓடுதது 5 குதிரைத்திறன் மோட்டார். பத்து மாடு, தவிடு கேக்காம, சாணி போடாம கெணத்துக்குள்ள நிக்கு. இத ஒங்க கூட்டத்துல யாரும் சொல்ல மாட்டாவ. மெகாவாட்டு, ஜிகாவாட்டுன்னு பேசிப் பழகினவுக வாயில மாடு வராது.

காத்தாடிப் பேச்சு கட்டாயம் வரும். சொரண்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் பஸ்ஸுல போகையில நீங்க சன்னல் வழியா பாத்திருப்பிய. பாத்திருக்க மாட்டிய, போன் பாத்திருப்பிய. 1986-ல தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டுல அரசாங்கமே காத்தாடி நட்டு வெள்ளோட்டம் பாத்துது. பொறவு கட்டபொம்மனத் தூக்குல போட்ட அதே கயத்தாறுல காத்தாடியச் சோதிக்கதுக்குன்னே ஒரு நிலையம் வந்துது. சென்னை பள்ளிக்கரணையில இருக்க தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தோடது. பல வருசம் காத்துக் கரண்டுல தமிழ்நாடுதான் இந்தியாவுக்கு மொத இடம். இப்ப குசராத்து முந்திட்டு. நம்ம பக்கம் தரிசு நிலத்துக்கெல்லாம் காத்தாடியால விலை வந்துது. காத்துக்கு மட்டும் யார் பேருலயும் பட்டா இல்ல, அதான் அது இன்னும் வருது.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம பெரியவுக சொல்லி வச்சிருக்காவ. நான் மரியாதைக்காரன், மறுத்துப் பேச மாட்டேன். ஆனா நீங்க படிச்ச பிள்ளைக, கணக்குப் போட்டுப் பாருங்க. 30 கிலோ அம்மி, ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம். அதக் காத்து கெளப்பணும்னா மணிக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாம அடிக்கணும். காத்தாடி என்ன செய்யும்னா, நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் தாண்டினதும் எறக்கையத் திருப்பிக்கிட்டுக் கடையச் சாத்தீரும். அம்மி பறக்கதுக்கு ரொம்ப முந்தியே கரண்டு நின்னு போவும். ஆக, பழமொழிய நம்பி எவனும் காத்தாடிக்குப் பணம் போடல.

அவுக நம்பினது வேற ஒரு கணக்க. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதுல உள்ள சக்தி ரெண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆவும். வேகத்தோட முப்படின்னு ஒங்க புத்தகத்துல போட்டிருப்பான். நொடிக்கு 5 மீட்டர் காத்து ஒரு சதுர மீட்டருக்கு 75 வாட் கொண்டு வந்தா, 10 மீட்டர் காத்து 600 வாட் கொண்டு வரும். நூறு மீட்டர் குறுக்களவுல சுத்துத காத்தாடிக்கு முன்னால அது 4.7 மெகாவாட். சரி, அம்புட்டையும் பிடுங்கீரலாம்லான்னு கேப்பிய. முடியாதுன்னு 1920-ல ஆல்பர்ட் பெட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் சொல்லீட்டாரு. 27-க்கு 16 பங்கு, நூத்துக்கு 59.3, அதுக்கு மேல எந்தக் கொம்பனாலயும் எடுக்க முடியாது. ஏன்னு கேட்டா ஒங்க வாத்தியார் போர்டு நெறைய எழுதுவாரு. நீங்க சீசன்ல குற்றாலத்து மெயின் அருவியில வரிசையில நின்னதில்லையா? குளிச்சவன் வெளிய நகந்தாத்தான் அடுத்தவன் தலைய நீட்ட முடியும். சொகமா இருக்குன்னு அவன் அங்கனயே நின்னா வரிசை மொத்தமும் நிக்கும். காத்தும் அப்படித்தான். எறக்கையில முட்டி எல்லாச் சக்தியையும் குடுத்துட்டு அங்கனயே செத்து நின்னா, பின்னால வார காத்துக்கு எடம் ஏது? அதான், வந்த வேகத்துல மூணுல ஒரு பங்கோட அத வெளிய போக விட்டாத்தான் நமக்கு அதிக லாபம். நெசத்துல உராய்வு, அது இதுன்னு போக, அந்தக் காத்தாடிக்குக் கையில நிக்கது 2 மெகாவாட்டு சொச்சம். பெட்ஸு குற்றாலம் வந்து குளிச்சதில்ல. வந்திருந்தா அந்தச் சூத்திரத்த இன்னும் வெள்ளன கண்டுபிடிச்சிருப்பாரு.

இப்ப விசயத்துக்கு வாரேன். மேடையில ‘எவ்வளவு’ன்னு கேளுங்க, தாராளமாச் சொல்லுவாவ. தமிழ்நாட்டுல காத்தாடி எவ்வளவு? பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல. கமுதியில 2016-ல போட்ட சூரியப் பண்ணை எவ்வளவு? 648 மெகாவாட். படம் போட்டுக் காட்டுவாவ, நீங்க கைதட்டுவிய, எல்லாருக்கும் சந்தோசம். ஆனா ‘எப்ப’ன்னு மட்டும் கேட்டுராதிய. கேட்டா சிறப்பு விருந்தினர் தண்ணி குடிப்பாரு.

ஏன்னு பாருங்க. நம்ம ஊருல ஆடியில 10 மீட்டர் வேகத்துல அடிக்க காத்து தையில 4 மீட்டருக்கு எறங்குதுன்னு வையி. முப்படிக் கணக்குப்படி சக்தி பதினஞ்சு மடங்குக்கு மேல குறையும். அதே காத்தாடி, அதே முதலாளி, அதே போர்டு. ஆனா தையில அது கொட்டாவி விட்டுட்டு நிக்கும். தமிழ்நாட்டுக்குக் கரண்டு ரொம்ப வேண்டியது எப்பன்னா சித்திரை வெயில்ல. 2024 மே 2-ந்தேதி மாநிலம் மொத்தத்துக்கும் 20,830 மெகாவாட் வேண்டியிருந்துது. அன்னைக்கு நம்ம கணவாய்க் காத்து இன்னும் மூட்ட முடிச்சுக் கட்டிக்கிட்டு இருக்கும். அது வந்து சேருதது வைகாசி கடைசியில, மழை பேஞ்சு ஃபேன நிப்பாட்டுத நேரத்துல. அப்பம் சில நாள் காத்து பலமா அடிச்சு, கரண்டக் கொண்டு போகக் கம்பி கொள்ளாம, காத்தாடிய நிப்பாட்டுங்கன்னு சொன்ன கதையும் உண்டு. 2013 டிசம்பர் 31-ல தெக்கத்திக் கம்பிய வடக்கத்திக் கம்பியோட சேத்து முடிச்சுப் போட்ட பொறவு, நம்ம ஆடிக்காத்து டில்லியில போயி விளக்கெரிய வழி வந்துது.

சூரியனையாவது நம்பலாமான்னா, அவரு ஆறரைக்குக் கடையக் கட்டுவாரு. சீரியல் ஆரம்பிக்கது அதுக்குப் பொறவு. சாரல் மாசத்துல அவரு வாரதே சந்தேகம். பேனலுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. அது வெளிச்சத்த விரும்பும், சூட்ட வெறுக்கும். கம்பெனிக்காரன் 25 டிகிரியில வச்சுச் சோதிச்சு நோட்டீசுல போட்டிருப்பான். நம்ம சித்திரையில மாடிமேல அது 60 டிகிரியத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூத்துக்கு 0.35 வீதம் குறைஞ்சா, வெயில் உச்சியில பன்னெண்டு சதவீதம் கம்மி. சாரல் காத்துல அதுக்கு நல்ல குளிர்ச்சி, ஒடம்புக்கு ஒத்துக்கிடும். அப்பம் வெயில் இல்ல. கல்யாணத்துக்குப் பொண்ணு வந்தா மாப்பிள்ளை வரல, மாப்பிள்ளை வந்தா பொண்ணு வரல.

அதுக்காகப் பேனல எளக்காரமா நெனைக்காதிய. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்து முன்னால நின்னு படம் எடுப்பியல்லா, அந்தச் செடி மேல விழுத வெயில்ல ஏறத்தாழ நூத்துல ஒரு பங்கத்தான் தன் ஒடம்பா மாத்தும். சிலிக்கான் பேனல் நூத்துல இருபது பங்கக் கரண்டாக்கும். சிலிக்கானுக்கு ஒரு கணக்கு உண்டு. 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொறஞ்ச ஒளி வந்தா ஏறிட்டும் பாக்காது. கூடக் கொண்டு வந்தா அந்த மிச்சத்தச் சூடாக்கிக் கரைச்சிரும். அதான் எவ்வளவு மெனக்கெட்டாலும் ஒத்த அடுக்குப் பேனல் நூத்துக்கு 30-ஐத் தாண்டாதுன்னு ஷாக்லியும் குயீசரும் 1961-லயே எழுதி வச்சுட்டாவ. பூ குடுக்காது, எண்ணெய் குடுக்காது, ஆனா கணக்குல கெட்டி.

பேட்டரி இருக்குல்லா தாத்தான்னு ஒருத்தன் எந்திரிப்பான். இருக்கு. தண்ணியிலயும் சேத்து வைக்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் காடம்பாறையில 400 மெகாவாட்டுக்கு அதத்தான் செய்தாவ: கரண்டு மிஞ்சுத நேரத்துல தண்ணிய மேல ஏத்தி, வேணுங்கையில எறக்குதது. ஏத்துன கரண்டுல நூத்துக்கு இருபது, இருபத்தஞ்சு வழியில போயிரும், அது வட்டி. ஆனா ஒரு யூனிட்டச் சேக்க எவ்வளவு தண்ணி தூக்கணும்னு நெனைக்கிய? ஆயிரம் லிட்டர 367 மீட்டர் ஒசரத்துக்கு. மெயின் அருவிய 60 மீட்டர்னு வச்சுக்கிட்டா, ஆறு அருவிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். ஒங்க வீட்டு மாடி டேங்கு ரொம்பினா ஒரு பல்பு கொஞ்ச நேரம் எரியும், அம்புட்டுத்தான்.

இதுல காத்தாடிக்காரங்களுக்கு ஒரு வசதி குடுத்தாவ பாருங்க, அத நெனைச்சா எனக்குச் சிரிப்பு அடங்காது. ஆடியில உற்பத்தி ஆன யூனிட்ட மின்வாரியத்துக்கிட்ட வரவு வச்சுட்டு, காத்தில்லாத மாசத்துல எடுத்துக்கிடலாம். வங்கின்னே அதுக்குப் பேரு. கரண்ட எந்தப் பெட்டகத்துல பூட்டி வச்சாவ? எதுலயும் இல்ல. கம்பியில ஏறுத கரண்டும் எறங்குத கரண்டும் ஒவ்வொரு நொடியும் சமமா இருக்கணும், இல்லன்னா 50 ஹெர்ட்ஸ் ஆடிப் போவும். நடந்தது என்னன்னா, ஆடியில காத்துக் கரண்டு வந்ததால அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரியாம மிச்சம். தையில அந்தக் கரிய எரிச்சு, இந்தா ஒன் காத்துன்னு குடுப்பாவ. சேமிப்பு கெடந்தது கரிக்குவியல்ல. தூத்துக்குடிப் பக்கம் போனா அந்தக் கருப்பு வங்கியக் கண்ணால பாக்கலாம். இதத் தப்புன்னு நான் சொல்லல, கெட்டிக்கார ஏற்பாடு. ஆனா மேடையில இதச் சொன்னா பசுமைப் பதாகைக்குக் கொஞ்சம் கரி ஒட்டும்.

‘எப்ப’ங்கதக் கையில வச்சிருந்தவன் நம்ம பக்கத்துல ஒருத்தன் உண்டு, பாபநாசம். தாமிரபரணி விழுத வேகத்த வச்சு விக்கிரமசிங்கபுரத்துல ஆர்வி வெள்ளைக்காரங்க பஞ்சாலை ஓட்டினது 1880-கள்லயே. பொறவு அணை கட்டி 1944-லேருந்து கரண்டும் வந்துது. அங்கன ஷட்டர் இருக்கு, வேணுங்கையில தொறக்கலாம். குற்றாலத்துல ஷட்டர் இல்ல. அருவியில எப்ப தண்ணி விழணும்னு முடிவு பண்ணுதது மேகம், எப்ப குளிக்கணும்னு முடிவு பண்ணுதது போலீசு.

ரெண்டாவது நாள் மத்தியானம் எவனாவது ஒரு புத்திசாலி எந்திரிச்சு, குற்றாலத்துலயும் கரண்டு எடுக்கலாமேன்னு கேப்பான். அவன ஒக்கார வைக்காதிய, கணக்குப் போட விடுங்க. நொடிக்கு ஒரு கனமீட்டர் தண்ணி 60 மீட்டர் விழுந்தா ஏறத்தாழ 590 கிலோவாட், கையில நிக்கது 500. ஒரு நல்ல காத்தாடியில கால்வாசி. அதுக்கு அருவியக் குழாய்க்குள்ள போடணும். போட்டா லாட்ஜு, எண்ணெய் மசாஜு, நேந்திரங்காய் வத்தல், பார்டர் பரோட்டா அம்புட்டுப் பேரும் கோட்டை வாசல்ல வந்து நிப்பாவ. கணக்குல வராத மெகாவாட்டும் உண்டுன்னு அன்னைக்கு அவனுக்குப் புரியும்.

இந்த மாதிரிக் கேள்விய சின்னப் பிள்ளைகதான் பயமில்லாமக் கேக்கும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடுன்னு 1993-லேருந்து நடக்கு, நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அத எடுத்து நடத்தும். 2012, 2013 ரெண்டு வருசமும் அதோட தலைப்பு ஆற்றல்தான். பத்து வயசுலேருந்து பதினேழு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக, குழுவாச் சேந்து, சொந்த ஊருக்குள்ள போயி வெவரம் சேகரிச்சு அறிக்கை எழுதணும். அந்த மாநாட்டுல பட்டுச் சால்வையவிட நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு. நீங்க கல்லூரிக்கு வந்துட்டிய, ஒங்களுக்கு புரொஜெக்டர் இருக்கு, வெயில்ல அலைய வேண்டாம். படத்துல காத்தாடி சுத்தும், அதுவும் வருசம் முழுக்க ஒரே வேகத்துல.

சரி, இம்புட்டும் சொல்லிட்டு ஒங்கள வெறும் கையோட அனுப்பினா நான் என்ன தாத்தா. ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் லேபுலேருந்து நூத்துல ஒரு டிகிரி காட்டுத தெர்மாமீட்டர் ரெண்டு கேட்டு வாங்கிட்டு அருவிக்கு வாங்க. 1847-ல ஜூலுன்னு ஒரு வெள்ளைக்காரர், ஒங்க புத்தகத்து ஜூலுக்குப் பேர் குடுத்த ஆளு, கல்யாணம் முடிஞ்ச கையோட ஆல்ப்ஸ் மலைப் பக்கம் நீளத் தெர்மாமீட்டரோட நடந்து போனாராம், புதுப்பொண்டாட்டி பின்னால வண்டியில. வழியில பாத்த கெல்வின்தான் இத எழுதி வச்சிருக்காரு. அருவி விழுந்தா அந்தச் சக்தி எங்க போவும், தண்ணியச் சூடாக்கத்தான செய்யணும், அப்ப மேல உள்ள தண்ணியவிடக் கீழ உள்ளது சூடா இருக்கணும்லாங்கது அவரு கேள்வி. அங்கன தண்ணி திவலையாச் செதறிப் போயி சரியா அளக்க முடியல.

நம்ம அருவிக்கு 60 மீட்டர்னா கணக்கு 0.14 டிகிரி. பொங்குமாகடல்ங்க பள்ளத்துல விழுந்து எந்திரிச்சு வார தண்ணி, காத்துல கொஞ்சம் ஆவியாகிக் குளுந்தும் போவும், அந்த நட்டத்தையும் கழிக்கணும். மேல ஏறி அளக்கப் போலீசு விடாது, அதுக்கு முறையா வனத்துறைக்கு மனு எழுதிக் குடுங்க, ஒங்க சிறப்பு விருந்தினர் கையெழுத்தோட. கீழ அளக்க வேலைய நான் பாத்துக்கிடுதேன். ஒரு துண்டு மட்டும் வேணும், தெர்மாமீட்டர நீங்களே பிடிச்சுக்கிடுங்க.